பழைய வண்ண ஸ்லைடுகளில் இருக்கும் இந்தக் கூரை தாழ்ந்த கார் எது?

பதிவு 1 – பழம்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். நான் தெற்குக் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். பழைய புகைப்படங்களைச் சேகரிப்பது என் வழக்கம். கார்களைப் பற்றி அதிகம் அறியேன். இரண்டு மாதங்களுக்கு முன் லாங் பீச் அருகில் ஒரு முதியவர் மறைந்தபின் அவருடைய வீட்டுப் பொருள்களை விற்றார்கள். அங்கே ஒரு தகரப் பெட்டியில் இருந்த சுமார் இருநூறு 35 மி.மீ. வண்ண ஸ்லைடுகளை வாங்கி வந்தேன். பிறந்தநாள், கடற்கரை, தேவாலய வாசல் என்று பெரும்பாலும் குடும்பப் படங்கள். அவற்றுக்கு நடுவே நான்கு ஸ்லைடுகளில் மட்டும் ஒரே கார் இருக்கிறது. அதைப் போன்ற ஒரு காரை நான் எங்கும் கண்டதில்லை.

முதல் படம் பக்கவாட்டுத் தோற்றம். கூரை மிகவும் தாழ்வாக இருக்கிறது. கதவுக் கண்ணாடிக்கும் அதன் பின்னுள்ள சிறு கண்ணாடிக்கும் இடையில் கூரையைத் தாங்கும் தூண் எதுவும் இல்லை. கதவில் கைப்பிடியும் இல்லை. உடல் வெளிர்நீலமாகவும், பக்கவாட்டில் ஓடும் வளைந்த உலோகப் பட்டைக்குக் கீழே அடர்ந்த நிறமாகவும் தெரிகிறது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. காரின் அருகே வெள்ளைச் சட்டை அணிந்த ஓர் இளைஞர் நிற்கிறார். இரண்டாவது படம் பின்பக்கத்தைச் சாய்வாகக் காட்டுகிறது. கறுப்பு எண்பலகையில் மஞ்சள் எழுத்துகள் உள்ளன. மூன்றாவதில் பானெட் திறந்திருக்கிறது. நான்காவது முன்பக்கம், சற்றுக் கலங்கிய படம்.

எந்த நிறுவனத்தின் கார், எந்த ஆண்டு என்று சொல்ல முடியுமானால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 – வெள்ளிப்பட்டை

அருமையான படங்கள். பக்கவாட்டுப் பட்டையைப் பார்த்தவுடன் எனக்கு ப்யூக் நிறுவனம்தான் நினைவுக்கு வந்தது. முன்சக்கரத்தின் மேலிருந்து புறப்பட்டு, கதவு நெடுகத் தாழ்ந்து, பின்சக்கரத்துக்கு முன் தரையை நோக்கி இறங்கி, மறுபடி சக்கரத்தின் மேல் வளைந்து ஏறும் அந்தக் கோடு ப்யூக்கின் கையொப்பம் போன்றது. நடுத்தூண் இல்லாத கூரையும் பொருந்துகிறது. 1949-இல் வந்த ப்யூக் ரோட்மாஸ்டர் ரிவியேரா, தூண் இல்லாத கூரையுடன் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் அமெரிக்கக் கார்களில் ஒன்று. ஆகவே இது ரிவியேரா, பிற்பாடு கூரையைத் தாழ்த்தியிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

பதிவு 3 – தகரக்கலை

நண்பர் வெள்ளிப்பட்டையின் கவனிப்பு சரியானது, ஆனால் முடிவு சரியன்று என்று நினைக்கிறேன். நான் கோவையில் முப்பது ஆண்டுகளாக டிங்கரிங் பட்டறை நடத்துகிறேன். பட்டையையும் விளக்கையும் கழற்றி மாட்டிவிடலாம், தகரத்தின் வடிவத்தை மாற்றுவது கடினம் என்பது தொழிலில் நான் கற்ற பாடம். அதனால் ஒரு காரை அடையாளம் காணும்போது மினுங்கும் பாகங்களை மனத்தில் கழற்றி வைத்துவிட்டு வெறும் உடலைப் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தால், முன் மட்கார்டின் தோள் கதவின் மேல் வழியாக மெல்லத் தாழ்ந்து செல்வதும், பின் மட்கார்டு தனியே ஒரு சதைப்பிடிப்போடு எழும்புவதும் 1949 முதல் 1951 வரை வந்த, மெர்க்குரி என்ற அமெரிக்கக் காரின் உடல். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 118 அங்குல இடைவெளி கொண்ட அந்த உடலை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பின் மட்கார்டின் முனை நீண்டிருப்பதால் மூன்று ஆண்டுகளில் 1951 என்றே சொல்வேன். மேலும், அக்காலத்து ப்யூக்கின் முன் மட்கார்டில் வரிசையாக இருக்கும் வட்டத் துளைகள் இதில் இல்லை. துளைகளை அடைத்திருக்கலாமே என்று கேட்கலாம்; ஆனால் தோளின் ஓட்டத்தை அடைக்க முடியாது.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தூண் இல்லாத கூரையை மெர்க்குரி நிறுவனம் 1952-இல்தான் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1951 உடலில் தூண் இல்லை என்றால், அதை யாரோ ஒருவர் தம் கையால் வெட்டி எடுத்திருக்கிறார் என்றுதான் பொருள். எனவே இது ஏதோ ஒரு பட்டறையில் பிறந்த கார்.

பதிவு 4 – கடலோடி

ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதை யாரும் பேசவில்லையே. அமெரிக்க நிறுவனங்கள் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு வலப்பக்க ஸ்டியரிங் கார்களை அளித்தன. இது அங்கே மாற்றியமைக்கப்பட்ட காராக இருக்க வாய்ப்பு உண்டா?

பதிவு 5 – ஒளிச்சுருள்

கடலோடி கேட்டது நல்ல கேள்வி, ஆனால் விடை காரில் இல்லை, படச்சுருளில் இருக்கிறது. முதல் படத்தில் நிற்கும் இளைஞரின் சட்டைப்பையைப் பாருங்கள். அது வலது மார்பில் இருக்கிறது. ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில்தான் தைக்கப்படும். அவருக்குப் பின்னால் சுவரில் உள்ள எழுத்துகள் கலங்கியிருந்தாலும், முதல் எழுத்து வலமிருந்து இடமாகத் திரும்பி நிற்பது தெரிகிறது. அந்த ஸ்லைடு புறம் மாறி ஸ்கேன் செய்யப்பட்டிருக்கிறது. படம் கண்ணாடி பிம்பமாகிவிட்டது.

பழம்பெட்டி அவர்கள் இதை எளிதாகச் சரிபார்க்கலாம். இந்த ஸ்லைடுகள் கோடாக் நிறுவனத்தின் கோடாக்ரோம் என்ற வண்ணப் படச்சுருளாக இருந்தால், விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒருபுறம் வழவழப்பாக இருக்கும்; மறுபுறம் படத்தின் வடிவம் மெல்லிய புடைப்பாக, செதுக்கியதுபோல் தெரியும். புடைப்புத் தெரிவது, படம் பதியும் மருந்துப் பூச்சு உள்ள பக்கம். வழவழப்பான பக்கம் பார்ப்பவரை நோக்கி இருந்தால்தான் படம் நேராக இருக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் வெளிர்நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோடாக்ரோமைப் பொதுவான அமைப்பில் ஸ்கேன் செய்தால் நீலம் ஏறிவிடும். அந்தச் சாயங்கள் மற்ற ஸ்லைடுச் சுருள்களின் சாயங்களைப் போன்றவை அல்ல என்பதே காரணம். உங்கள் நான்கு படங்களிலும் டயரின் வெள்ளை வளையமும் இளைஞரின் சட்டையும் நீலம் பாய்ந்தே இருக்கின்றன. இரண்டு வெவ்வேறு வெள்ளைப் பொருள்கள் ஒரே அளவில் நீலமாக இருந்தால் குற்றம் ஸ்கேனருடையது. அந்த நீலத்தைக் கழித்துவிட்டுக் காரின் நிறத்தைப் பாருங்கள். தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியை அணைத்துவிடுங்கள். கோடாக்ரோமின் சாயம் அகச்சிவப்பையும் உறிஞ்சுவதால், அந்த வசதி படத்தின் நுண்விவரத்தையே தூசி என்று எண்ணி அழித்துவிடும்.

பதிவு 6 – பழம்பெட்டி

ஒளிச்சுருள் அவர்களுக்கு என் நன்றி. நீங்கள் சொன்னபடி மேசைவிளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தேன். நான்கிலும் புடைப்பு இருக்கிறது. கூரையின் விளிம்பை அதிலேயே தடம் பிடிக்க முடிகிறது. முதல் ஸ்லைடை நான் புறம் மாற்றித்தான் வைத்திருக்கிறேன். சரியாக வைத்து மறுபடி ஸ்கேன் செய்தபோது ஸ்டியரிங் இடப்பக்கம் வந்துவிட்டது.

டயர் வெள்ளையையும் சட்டையையும் கொண்டு நிறத்தைச் சரிசெய்தேன். இப்போது உடல் நீலமே இல்லை. கடல் நுரையில் சிறிது பச்சை கலந்தாற்போன்ற வெளிர்பச்சை அது. பட்டைக்குக் கீழே இருப்பது இலைப்பச்சையைவிட ஆழமான அடர்பச்சை. புதிய நான்கு படங்களையும் முதல் பதிவில் மாற்றி இணைத்திருக்கிறேன்.

பதிவு 7 – தகரக்கலை

புதிய படங்களைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். இந்தக் கூரையை வெட்டியவரின் கைக்கு நான் தலைவணங்குகிறேன். ஏன் என்று விளக்கினால்தான் இது சாதாரணக் கார் அன்று என்பது புரியும்.

கூரையைத் தாழ்த்துவது என்றால் தூண்களில் சில அங்குலம் வெட்டியெடுத்து மேல்பகுதியைக் கீழே இறக்கி வெல்டிங் வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு எளிதன்று. முன் தூண் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, பின்பகுதி முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆகவே மேலே போகப் போகக் கூரை குறுகுகிறது. இடையில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மேல்பகுதியை இறக்கினால், மேல்முனையும் கீழ்முனையும் சந்திக்காது. ஒன்று, கூரையைக் குறுக்கே வெட்டி நடுவில் தகரம் சேர்த்து நீட்ட வேண்டும். அல்லது தூண்களின் சாய்வை மாற்ற வேண்டும். கண்ணாடியும் தொல்லை தரும். முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி, அதை அறுக்கலாம். வளைந்த பின்கண்ணாடியோ சூடேற்றிக் கடினமாக்கப்பட்டது, அறுக்க முயன்றால் தூளாகிவிடும். அதை வெட்டாமல் மேலும் படுக்கவைப்பதுதான் வழி.

இந்த மெர்க்குரி உடலில் எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெட்டினால் பின்பகுதி கூன்விழுந்ததுபோல் தோன்றும். படத்தில் உள்ள காரில் முன்னே குறைவாகவும் பின்னே மிக அதிகமாகவும் வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் கூரை முன்கண்ணாடியிலிருந்து டிக்கி வரை ஒரே மூச்சில் வழிந்து இறங்குகிறது. அதோடு நடுத்தூணையும் எடுத்துவிட்டு, கதவுக் கண்ணாடியின் பின்மேல் மூலையை வளைவாக இழைத்து, அந்த வளைவுக்கு மினுங்கும் சட்டம் போட்டிருக்கிறார்கள். முகவிளக்குகளின் வளையத்துக்கும் உடலுக்கும் இடையில் கோடே தெரியவில்லை. நாங்கள் இன்று பட்டி போட்டு மறைப்பதை, அன்று ஈயத்தை உருக்கி மரக்கட்டையால் தேய்த்து, அரத்தால் இழைத்துச் செய்தார்கள். ஈயம் சுமந்த கார்கள் என்றே இவற்றுக்கு அமெரிக்காவில் செல்லப்பெயர் உண்டு.

பின்பக்க விளக்குகள் மெர்க்குரியுடையவை அல்ல. லிங்கன் காருடையவை என்று நினைக்கிறேன், எந்த ஆண்டு என்று தெரிந்தவர்கள் சொல்லவும். பின் மட்கார்டின் முன்னால் காற்று புகும் வாய் ஒன்று இருக்கிறது. அதில் பல்வரிசை போல் நிற்பவை செவ்ரோலே காரின் கிரில்லில், அதாவது முன்பக்கக் காற்றுவாயின் உலோகச் சட்டத்தில், இருக்கும் பற்கள்.

பதிவு 8 – நான்காம் கியர்

தகரக்கலை ஐயா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் நெஞ்சு படபடத்தது. 1951 மெர்க்குரி இரண்டு கதவுக் கூபே, வெட்டப்பட்ட, தூண் நீக்கப்பட்ட கூரை, ப்யூக் பட்டை, 1952 லிங்கனின் பின்விளக்குகள், ஃபோர்டு கிரில் துண்டுகளை இணைத்துச் செய்த முன்வாய், காற்று வாயில் செவ்ரோலே பற்கள், வெளிர்பச்சையும் அடர்பச்சையும். இவை அனைத்தும் சேர்ந்து வருவது ஒரே காரில்தான். அது பாப் ஹிரோஹாட்டாவின் மெர்க்குரி.

ஹிரோஹாட்டா தெற்குக் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜப்பானிய அமெரிக்க இளைஞர். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே லின்வுட்டில் சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் என்ற சகோதரர்கள் நடத்திய பட்டறையில் 1952-இல் தம் காரை ஒப்படைத்தார். தகர வேலையில் சாமின் கை பேர் பெற்றது; வண்ணத்திலும் விளம்பரத்திலும் ஜார்ஜ் வல்லவர். கூரையை முன்னே 4 அங்குலமும் பின்னே 7 அங்குலமும் தாழ்த்தினார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. ஐயா கண்ணால் அளந்தது அதனோடு அப்படியே ஒத்துப்போகிறது. அந்த வளைந்த சன்னல் சட்டம் அதே பட்டறையில் முன்பு நிக் மட்ராங்கா என்ற வாடிக்கையாளரின் 1940 மெர்க்குரிக்குச் செய்த வடிவத்தின் தொடர்ச்சி.

1952-இன் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸ் மோட்டோரமா கண்காட்சியில் இந்தக் கார் முதன்முதலாக வைக்கப்பட்டது. 1953-இல் ஹிரோஹாட்டா இதைக் கண்காட்சி மேடையில் பூட்டி வைக்காமல், இண்டியானாபொலிஸ் வரை நாட்டைக் குறுக்கே கடந்து ஓட்டிச்சென்று, அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு கார் இதழில் எழுதினார். பிறகு கார் கைமாறியது. 1955-இல் ஒரு திரைப்படத்துக்காகப் பச்சை மஞ்சள் கலந்த வேறு நிறம் பூசப்பட்டது. 1959-இல் ஜிம் மெக்நீல் என்ற இளைஞர் 500 டாலருக்கு வாங்கி, பல ஆண்டுகள் வைத்திருந்து, பழைய நிறத்துக்கே மீட்டார். 2017-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2022 ஜனவரியில் ஃபுளோரிடாவில் நடந்த ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 21 லட்சத்து 45 ஆயிரம் டாலருக்கு விலைபோனது.

பழம்பெட்டி அவர்களே, ஸ்லைடுகளைத் தயவுசெய்து வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

பதிவு 9 – வெள்ளிப்பட்டை

ப்யூக் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பட்டை மட்டுமே ப்யூக். ஆனால் கொண்டாடுவதற்கு முன் ஓர் ஐயம் தீர வேண்டும். 1980-களில் இந்தக் காரைப் பார்த்து அச்சு அசலாக ஒரு நகல் கார் கட்டப்பட்டது. மூலக் காரும் மெக்நீல் கையில் மீண்டும் வெளிர்பச்சையானது. ஆகவே இந்தப் படங்களில் மூன்று சாத்தியங்கள் உள்ளன: 1950-களின் மூலக் கார், 1980-களின் நகல், மீட்கப்பட்ட மூலக் கார். உடலை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. கறுப்பு எண்பலகையும் போதாது. கலிஃபோர்னியா 1951-இல் கறுப்பில் மஞ்சள் எழுத்துக் கொடுத்தது, 1956-இல் மஞ்சளில் கறுப்புக்கு மாறியது, 1963-இல் மறுபடி கறுப்பில் மஞ்சளுக்கே வந்தது.

பதிவு 10 – ஒளிச்சுருள்

இந்த இழையின் மிகச் சிறந்த கேள்வி இதுதான், பிரித்துப் பார்ப்போம்.

எண்பலகையின் வடிவத்தை அளந்தேன். 1956 முதல் அமெரிக்க எண்பலகைகள் 12 அங்குல நீளம், 6 அங்குல உயரம் என்று ஒரே அளவுக்கு வந்துவிட்டன, அதாவது நீளம் உயரத்தைப்போல் சரியாக இருமடங்கு. இரண்டாவது படத்தில் நீளம் இருமடங்கைத் தாண்டுகிறது. படம் சாய்வாக எடுக்கப்பட்டிருப்பதால் நீளம் குறைந்துதான் தெரியவேண்டும். அப்படியும் இருமடங்கைத் தாண்டுகிறது என்றால் அது 1963-இன் பலகை அன்று, 1951-இன் பலகை. ஆயினும், பழைய காருக்குப் பழைய பலகையைத் தேடி மாட்டும் வழக்கம் இருப்பதால் இதை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

பழம்பெட்டி அவர்கள் ஸ்லைடின் அட்டைச் சட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கிறதா? கோடாக்ரோம் என்ற பெயருக்குப் பின் 2 என்றோ 25, 64 என்றோ எண் இருக்கிறதா? கோடாக்ரோம் 2 வந்தது 1961-இல். 25, 64 இரண்டும் 1974-இல். அதற்கு முன் இருந்தது எண் எதுவும் இல்லாத, ஒளியுணர்திறன் வெறும் 10 கொண்ட பழைய சுருள். சட்டத்தைப் பிரிக்கவேண்டாம், அட்டையும் ஒரு சான்று.

பதிவு 11 – பழம்பெட்டி

நான்கு அட்டைகளையும் உருப்பெருக்கியில் பார்த்தேன். சிவப்புக் கரையிட்ட சாம்பல்நிற அட்டைகள். கோடாக்ரோம் என்ற பெயர் மட்டுமே இருக்கிறது, எண் எதுவும் இல்லை. மாதமோ ஆண்டோ அச்சிடப்படவில்லை. பெட்டியின் அடியில் இருந்த பிற்காலப் படங்கள் சிலவற்றில் 1960-களின் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கின்றன, அவற்றில் 2 என்ற எண்ணும் உள்ளது. ஆக இந்த நான்கும் அவற்றுக்கு முந்தைய வகை.

பதிவு 12 – ஒளிச்சுருள்

அப்படியானால் நகலும் மீட்கப்பட்ட காரும் கழிந்துவிட்டன. 1961-க்குப் பின் எண் இல்லாத பழைய சுருள் சில காலம் கடைகளில் கிடந்திருக்கலாம், இருபது ஆண்டுகள் கிடந்திருக்க முடியாது. நாம் பார்ப்பது 1950-களின் கார்.

பதிவு 13 – நான்காம் கியர்

காலத்தை இன்னும் இறுக்கலாம். தொல்லியலில் ஒரு நாணயக் குவியல் கிடைத்தால், அதில் உள்ள மிகப் பிந்தைய நாணயத்துக்கு முன் அது புதைக்கப்பட்டிருக்க முடியாது என்று கொள்வார்கள். காரிலும் அதே முறைதான். இதில் உள்ள பாகங்களில் ஆண்டு உறுதியாகத் தெரிந்தவற்றுள் பிந்தையது 1952 லிங்கனின் பின்விளக்கு, அது கீழெல்லை. 1955-இல் நிறம் மாறிவிட்டது, அது மேலெல்லை. இந்த மூன்று ஆண்டு இடைவெளிக்குள் எங்கே என்பதற்கு மூன்றாவது படத்தில்தான் விடை இருக்கிறது. தகரக்கலை ஐயா, எஞ்சினைப் பார்த்துச் சொல்வீர்களா?

பதிவு 14 – தகரக்கலை

பார்த்துவிட்டேன். சிலிண்டர் தலை இருபுறமும் தட்டையான பலகை போல இருக்கிறது. அதன் மேல்முகத்திலேயே ஸ்பார்க் பிளக்குகள் வரிசையாக நிற்கின்றன. வால்வுகளை மூடும் மேல்மூடி எதுவும் இல்லை. வால்வு பிளாக்கின் உள்ளே, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வகை வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். 1951 மெர்க்குரியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த 255 கன அங்குல எஞ்சின்தான். மேலே வால்வு கொண்ட எஞ்சினாக இருந்தால் இருபுறமும் நீண்ட தகர மூடிகள் தெரிந்திருக்கும்.

பதிவு 15 – நான்காம் கியர்

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஹிரோஹாட்டா 1953-இல் இண்டியானாபொலிஸ் பயணத்துக்காக அந்த எஞ்சினை எடுத்துவிட்டு, மேலே வால்வு கொண்ட 331 கன அங்குல கேடிலாக் வி8 எஞ்சினைப் பொருத்தினார். ஆகவே உங்கள் ஸ்லைடுகள் கார் பட்டறையிலிருந்து வெளிவந்த 1952-க்கும் 1953-இன் அந்தப் பயணத்துக்கும் இடைப்பட்டவை. சாம் பாரிஸின் கைவேலை இன்னும் முதல் வண்ணத்தோடும், பிறந்தபோதிருந்த எஞ்சினோடும் இருந்த சில மாதங்கள் அவை.

அந்தக் காலத்து இதழ்களில் நாம் பார்த்துப் பழகியவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்த இரண்டு பச்சையும் வெயிலில் எப்படி இருந்தன என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் படங்களை நான் பார்த்ததில்லை.

பதிவு 16 – பழம்பெட்டி

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் படுத்தவனுக்குக் காரின் பிறந்தவீடே கிடைத்துவிட்டது. நான்கு ஸ்லைடுகளையும் மற்றவற்றிலிருந்து பிரித்து, அமிலம் இல்லாத தனி உறைகளில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறேன்: ஹிரோஹாட்டா மெர்க்குரி, 1952 அல்லது 1953, கேடிலாக் எஞ்சினுக்கு முன். வெள்ளைச் சட்டை இளைஞரின் முகத்தைப் பெட்டியில் உள்ள குடும்பப் படங்களோடு ஒப்பிட்டு வருகிறேன். கடற்கரைப் படம் ஒன்றில் அதே முகம் இருப்பதாகத் தோன்றுகிறது. அவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளையாக, காரைப் பார்க்கப் போய் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டவராக இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் உறவினரை விற்பனை நடத்தியவர் மூலம் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தால் முதல் படத்தின் பிரதி ஒன்றை, இம்முறை சரியான புறத்தில் அச்சிட்டு, அவர்களுக்கு அனுப்புவேன்.